பழைய சாஃப்ட்பால் கிளவைத் தேற்றலாமா, புதிது வாங்கலாமா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, ஆனால் பெரிய பந்தில் ஆடுவது) ஆட்டத்தில் பந்து பிடிக்கக் கையில் மாட்டுகிற தோல் கிளவ் மக்கர் பண்ணத் தொடங்கியதும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மூலையில் கடாசிவிட்டுக் கடைக்கு ஓடுவார்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கிற எண்ணெயை எடுத்து அப்பி ஊறவைப்பார்கள். என்ன கோளாறு என்று பார்க்காமல் செய்கிற வேலைதான் இரண்டும்.

ஒரு கிளவில் வெளித்தோல், கை படுகிற உள்தோல், இரண்டுக்கும் நடுவே ஃபெல்ட் பேடிங், இவற்றையெல்லாம் இழுத்துக் கட்டுகிற தோல்வார் என்று நான்கு சமாச்சாரங்கள் இருக்கின்றன. வார் தேய்வதற்கென்றே இருப்பது, மாற்றிக்கொள்ளலாம். பேடிங் நகர்ந்திருந்தால் இழுத்து வைக்கலாம். உள்தோல் கிழிந்தால் ஒட்டுப் போடலாம். வெளித்தோல் செத்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அதேபோல, அளவே தப்பான கிளவுக்கும் வைத்தியம் கிடையாது. அதனால் எந்தக் கோளாறோடு கிளவ் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டுதான்: தோலில் உயிர் இருக்கிறதா, ஆடுகிறவருக்கும் பந்துக்கும் அளவு பொருந்துகிறதா.

இரண்டுக்கும் ஆம் என்றால் பழைய கிளவை விடாதீர்கள். நல்ல தோலில் செய்த பழைய கிளவுக்குப் புது வார் போட்டால், 40 டாலர் புதுக் கிளவ் அதன் கிட்டே வராது.

எதற்கும் முன்னால்: மடக்கிப் பாருங்கள்

ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் பக்கத்தின் வெளி ஓரத்தை, அது உள்ளங்கையோடு சேருகிற இடத்தில் மடக்குங்கள். கிளவ் மூடும்போதெல்லாம் மடிகிற இடம் அது. கெட்டுப்போனால் முதலில் அங்கேதான் தெரியும். மடிப்பின் முதுகை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சுருக்கம் விழுந்து, கையை எடுத்ததும் மறைந்தால் தோல் பிழைத்துக்கொள்ளும். மேல்பரப்பு பிளந்து உள்ளே வெளிறிய நார் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம். ஓரத்தில் மட்டும் அப்படி இருந்தால் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு ஓட்டலாம். உள்ளங்கையிலும் இருந்தால் வேண்டாம்.

விரலில் செங்கல் நிறப் பொடி ஒட்டினால் பேச்சே இல்லை. மரப்பட்டைச் சாறில் பதனிட்ட மிகப் பழைய தோலில் வருகிற சிதைவு அது. தோலை இளக்குகிற கண்டிஷனர் போட்டால் பொடி அமுங்கும், பலம் திரும்பாது.

மேல்தோல் தகடு தகடாக உரிந்து, அடியில் துணி போலச் சொரசொரப்பாக ஏதாவது தெரிந்தால் அது முழுத்தோலே அல்ல. மட்டமான அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. அதற்கு எண்ணெய், கண்டிஷனர் எதுவும் இறங்காது. காசைச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா காலத்துக் கிளவில் பழைய ஆட்டக்காரர் கையெழுத்து முத்திரை தெளிவாக இருந்தால், எண்ணெயைத் தொடுவதற்கு முன் அதற்குச் சேகரிப்பாளர் மதிப்பு உண்டா என்று விசாரித்துவிடுங்கள். எண்ணெய் பட்டு நிறம் கறுத்து, புது வாரும் ஏறிய கிளவை அவர்கள் சீந்த மாட்டார்கள்.

அறிகுறி: தோல் காய்ந்து விறைத்திருக்கிறது

அமெரிக்காவில் கராஜ் சேலில் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது) கிடைக்கிற கிளவ்களில் பாதி இந்த ரகம். கோடையில் கொதித்து, குளிரில் விறைத்து, ஷெட்டில் வருடக்கணக்காகக் கிடந்திருக்கும். இதைத் தேற்றுவது எளிது, பொறுமைதான் வேண்டும்.

முதலில் அழுக்கு போக வேண்டும். அழுக்கின் மேல் கண்டிஷனர் போட்டால் மண்ணும் வியர்வை உப்பும் சேர்ந்து உள்ளே இறங்கிவிடும். தோலைக் கழுவுவதற்கென்றே இருக்கிற சேடில் சோப்பை ஈரமான ஸ்பாஞ்சில் தொட்டு நுரை வரத் தேய்த்து, வேறொரு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழாய்க்கு அடியில் பிடிக்காதீர்கள். பிறகு நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலில் வேண்டாம், ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம். மைக்ரோவேவ், ஓவன் பக்கம் போகவே கூடாது. ஈரமான தோலைச் சூடாக்கினால் அதன் நார் சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஆறினாலும் பழைய நிலைக்கு வராது. கார் டேஷ்போர்டில் வைத்து இளக்குகிற பழக்கமும் இதன் தம்பிதான்.

காய்ந்த பிறகு கண்டிஷனர். லானோலின் கலந்த கிளவ் கண்டிஷனர் போதும். லானோலின் என்பது ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கிற கொழுப்பு. ஒரு பட்டாணி அளவு எடுத்து விரலாலேயே தேயுங்கள். துணி பாதியைக் குடித்துவிடும். மடிகிற இடங்களிலும் வார் ஓடுகிற துளைகளைச் சுற்றியும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கலாம். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மடக்கிப் பாருங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே நாளில் இளக்க நினைத்தால் கடைசியில் தொளதொள கிளவ்தான் மிஞ்சும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

நீட்ஸ்ஃபுட் எண்ணெய் பழைய கோச்சுகளின் செல்லப்பிள்ளை. மாட்டின் கால் எலும்பில் இருந்து எடுப்பது. வறண்டுபோன தோலை இளக்குவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் கை தவறினால் கிளவ் கனத்துப்போகும். மிகக் காய்ந்த கிளவுக்கு ஒரே முறை, மிக மெல்லியதாக, அதோடு நிறுத்திவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்? நம் கை தானாக அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும். போகாமல் இருப்பது நல்லது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்து தோலுக்குள் கட்டியாக நிற்கும், நாளாக ஆகக் காறல் வாடையும் சேரும். சமையல் எண்ணெய் எதுவானாலும் இதே கதைதான். கண்டிஷனர் கிடைக்காத ஊரில் இருந்தால் வெறும் வாசலின் கொஞ்சமாகத் தடவுவது இவற்றைவிட எவ்வளவோ மேல்.

அறிகுறி: வார் அறுந்துவிட்டது, அல்லது தொய்ந்து தொங்குகிறது

கிளவ் செத்துவிட்டது என்று ஜனங்கள் தூக்கிப் போடுவதில் பெரும்பங்கு இதற்காகத்தான். எனக்கு இதுதான் எரிச்சல். சைக்கிள் டயர் பஞ்சர் ஆனதற்காக யாராவது சைக்கிளை எடைக்குப் போடுவார்களா?

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலை மாதிரி இருக்கிற தோல்தான் வெப். வார் வழக்கமாக அறுகிற இடங்கள் மூன்று: வெப்பின் உச்சி, வெப்பின் அடி உள்ளங்கையில் சேருகிற இடம், வியர்வையில் ஊறுகிற மணிக்கட்டுப் பக்கம். சந்தேகம் இருந்தால் வாரின் நுனியை நகத்தால் அழுத்தி இரட்டையாக மடியுங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் மொத்த வாரையும் மாற்ற வேண்டியதுதான். ஒன்று அறுந்து மற்றவை திடமாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. கிளவ் லேஸ் என்று கேட்டால் 72 அங்குல நீளத்தில் கிடைக்கும். ஃபீல்டர் கிளவுக்கு 3/16 அங்குல அகலம், அதாவது 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர் மாட்டுகிற கேட்ச்சர் மிட்டுக்குப் பல சமயம் 1/4 அங்குலம். பழைய வாரை ஸ்கேலில் வைத்து அளந்துவிட்டே வாங்குங்கள். முழுதும் மாற்ற நான்கைந்து வார் பிடிக்கும். இதோடு வாரை உள்ளே திருகிக்கொள்கிற லேசிங் ஊசி ஒன்று, நோஸ் பிளையர் ஒன்று. சென்னையில் இருப்பவர்களுக்கு வசதி: பெரியமேட்டில் தோல் கடைகளும் விளையாட்டுச் சாமான் கடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீளமாக வெட்டிய எருமைத்தோல் வாரோ மாட்டுத்தோல் வாரோ கேட்டுப் பாருங்கள்; அகலம் ஒரே சீராக இருந்தால் போதும்.

வேலையில் இறங்கும் முன் உள்ளங்கைப் பக்கம், முதுகுப் பக்கம், வெப், மணிக்கட்டு எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப முக்கியம். எல்லா வாரையும் ஒரேயடியாக உருவிவிட்டால் மேஜையில் கிடப்பது கிளவ் அல்ல, தோல் துண்டுகள். ஒரு வாரை உருவி, அதே பாதையில் புது வாரை ஏற்றி, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

வாருக்கு வழவழப்பான பக்கம், நார்ப்பக்கம் என்று இரண்டு உண்டு. வழவழப்பு எப்போதும் வெளியே தெரிய வேண்டும். துளைக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும் வார் தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பார்க்கும். பெருவிரலால் தட்டையாக அழுத்திக்கொண்டே மறுபக்கம் இழுங்கள். ஒரு இடத்தில் முறுக்கோடு விட்டாலும் அங்கே அகலம் பாதியாகிவிடும், அடுத்து அறுவது அந்த இடம்தான். துளை இறுக்கமாக இருந்தால் வாரில் துளி கண்டிஷனர் தொட்டுக்கொள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். முழுப் பாதையும் ஏற்றும்வரை இறுக்கவே கூடாது. கடைசித் துளையைத் தாண்டியதும், முதல் முடிச்சில் இருந்து ஒவ்வொரு கண்ணியாக நோஸ் பிளையரால் தொய்வை இழுத்துக்கொண்டே வாருங்கள். விரல் நுனிகளை இணைக்கிற வாரை மட்டும் அடித்து இறுக்காதீர்கள். நான்கு விரலும் ஒட்டிப்போனால் கிளவ் கையை விரிக்க விடாது.

வார் துளையே கிழிந்திருந்தால்? வெப்பில் என்றால் கவலையில்லை, வெப் தனியாகக் கழலும். மாற்று வெப் கிடைக்கும் அல்லது ஷூ ரிப்பேர் கடையில் அடியில் தோல் ஒட்டித் தைத்து வாங்கலாம். விரல் ஓரத்துத் தையல் விட்டிருந்தாலும் அவர்களே மெழுகு நூலில் தைத்துவிடுவார்கள். உள்ளங்கைத் தோலில் துளை பிய்ந்திருந்தால் மட்டும் யோசியுங்கள்: பந்தின் அடி முழுதும் விழுகிற இடம், ஒட்டு ரொம்ப நாள் தாங்காது.

நமக்குப் பொறுமை இல்லை என்றால் அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். முழு வாரும் மாற்ற 50 முதல் 100 டாலர் வரை ஆகும். 250 டாலர் கிளவுக்கு இது நியாயம். 60 டாலர் கிளவுக்குச் சொந்தக் கைதான் கணக்குக்கு ஒத்துவரும்.

அறிகுறி: பந்து கிளவில் பட்டுத் துள்ளி வெளியே விழுகிறது

பிடிக்கிறவரைத் திட்டுவதற்கு முன் கிளவைப் பாருங்கள். இதற்குக் காரணங்கள் பல, ஆனால் முதலிடம் ஒன்றுக்குத்தான்: அது பேஸ்பால் கிளவ்.

பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம், எடை 142 முதல் 149 கிராம். பந்தை வேகமாக எறிந்து ஆடுகிற ஃபாஸ்ட்பிட்ச் ஆட்டத்தின் சாஃப்ட்பால் சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம். குறுக்களவாகச் சொன்னால் ஏறக்குறைய 7.4 சென்டிமீட்டருக்கு எதிரே 9.7 சென்டிமீட்டர். அண்ணன் போட்டுப் பழசாக்கிய 11¼ அங்குல பேஸ்பால் கிளவில் தங்கை சாஃப்ட்பால் பிடித்தால், பந்து வெப்புக்குள் பாதிதான் இறங்கும். கிளவ் மூடுவதற்குள் துள்ளிவிடும். பந்து போய் உட்காருகிற குழியான பாக்கெட்டைப் பெரிதாக்கிவிடலாம் என்று பெரிய பந்தை உள்ளே வைத்துக் கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கொஞ்சம் விரியும், ஆழம் வராது. இங்கே புதிது வாங்குவதுதான் சரி.

அமெரிக்கச் சிறுமியர் லீகில் இதற்கு ஒரு குட்டி வடிவம் உண்டு. 10 வயதுக்குட்பட்டவர் பிரிவில் 11 அங்குலப் பந்து. 12 வயதுப் பிரிவுக்கு ஏறியதும் 12 அங்குலப் பந்து. போன வருடம் நன்றாகப் பிடித்த குழந்தை இந்த வருடம் நழுவவிட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

அளவு சரியாக இருந்தும் துள்ளினால், வெப் வாரைப் பாருங்கள். வெப்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது அது பின்னால் தாராளமாகப் போனால் தொய்வு. இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவும் இல்லையென்றால், கிளவ் மடிகிற விதம். 1950களுக்கு முந்தைய கிளவ்கள் தடித்த மெத்தையாக இருக்கும், நடுவில் மடிப்பே இருக்காது. பந்தைப் பெரும்பாலும் உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தனி பாக்கெட் என்ற யோசனையே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்தை எறிபவர்) பில் டோக், கிளவ் செய்கிற ராலிங்ஸ் கம்பெனிக்குச் சொல்லி 1920ல் கடைக்கு வந்தது. 1957ல் வில்சன் கம்பெனியின் ஏ2000 கிளவ் வந்த பிறகுதான் அகன்ற வெப்பும், தானாக மடிந்து பந்தைக் கவ்வுகிற அமைப்பும் பரவின. அதற்கு முந்தைய கிளவ் உங்களிடம் இருந்தால் சுவரில் மாட்டுங்கள். ஆட்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அறிகுறி: பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கை எரிகிறது

சாஃப்ட்பால் 1887ல் சிகாகோவில் பிறந்தபோது கிளவே கிடையாது. அந்த ஊரில் இன்றும் 16 அங்குலப் பெரிய பந்தை வெறுங்கையால் பிடித்து ஆடுகிறார்கள், விரல் கோணிப்போனதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். 12 அங்குலப் பந்தில் அந்த வீரம் வேண்டாம். வளர்ந்த பெண்களின் ஃபாஸ்ட்பிட்ச்சில் பிட்சர் நிற்பது பேட்டரில் இருந்து 43 அடி தூரத்தில், பேஸுக்குப் பேஸ் 60 அடி. அடித்த பந்து வேகம் குறைவதற்குள், பேஸ்களுக்கு அருகே நிற்கிற இன்ஃபீல்டர் கைக்கு வந்துவிடும்.

எரிச்சல் எந்த இடத்தில் என்று கேளுங்கள். ஆள்காட்டி விரலின் அடியில் என்றால் பேடிங் நகர்ந்திருக்கக்கூடும். உள்ளங்கையின் நட்டநடுவில் என்றால் பந்தைப் பாக்கெட்டில் வாங்காமல் உள்ளங்கையில் வாங்குகிறார். அதற்குப் பயிற்சிதான் மருந்து.

பேடிங்கைப் பார்க்க, மணிக்கட்டுப் பக்கம் உள்தோலைப் பிடித்திருக்கிற வாரைக் கழற்றுங்கள். உள்தோல் உறை போலத் திறக்கும். உள்ளே அடுக்கடுக்காக ஃபெல்ட் இருக்கும். பழைய கிளவில் அது வியர்வையில் பழுப்பேறி, நடுவில் மெலிந்து, ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கும். சுருட்டை நீவி இடத்தில் வைத்து, சிலவற்றில் இருப்பதுபோலத் துளிப் பசை தொட்டு, வாரை மறுபடி ஏற்றிவிடலாம். மெலிந்துபோனதென்றால் அதே வடிவத்தில் கெட்டியான கம்பளி ஃபெல்ட் வெட்டிப் போடுங்கள். ஃபோம் ஷீட் வேண்டாம். அது முதல் வாரம் சொகுசாக இருக்கும், பிறகு அடிபட்டு அடிபட்டுக் காகிதமாகிவிடும். மாற்றும் அவசரத்தில் ரொம்பத் தடிப்பாகவும் போடாதீர்கள்; பந்து பட்டது கைக்குத் தெரிய வேண்டும்.

அறிகுறி: கிளவ் தொளதொளவென்று சரிகிறது

மேஜையில் நிறுத்தி வைத்தால் நிற்காமல் படுத்துவிடும். வேகமான பந்து பட்டால் விரல்கள் பின்னால் வளையும். காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான். யாரோ அன்போடு ஊற்றியிருப்பார்கள்.

கிளவைத் தூக்கிப் பாருங்கள். வழக்கத்துக்கு மீறிக் கனத்தால், உள்ளே தொட்டால் பிசுபிசுத்தால், ஃபெல்ட்டும் எண்ணெய் குடித்திருக்கிறது. உறிஞ்சு காகிதத்தையோ பழைய பனியன் துணியையோ உள்ளும் புறமும் அடைத்து, நிழலில் சில நாள் வைத்து, மாற்றி மாற்றி அடைத்தால் மேலாக நிற்கிற எண்ணெய் கொஞ்சம் வரும். முழுதும் வராது. அப்புறம் வார்களையெல்லாம் இழுத்து இறுக்கி, எண்ணெய் குடித்த ஃபெல்ட்டை மாற்றினால் ஓரளவு நிமிரும். தூரத்தில், அவுட்ஃபீல்டில் ஆடுபவருக்கு அது போதும். மூன்றாம் பேஸில் நிற்பவருக்குப் போதாது.

எண்ணெய் இல்லாமல் வெறும் தேய்மானத்தால் தொய்ந்த கிளவ் என்றால் சந்தோஷப்படுங்கள். புது வாரும் மணிக்கட்டுப் பக்க பேடிங்கும் போட்டால் ஆளே மாறிவிடும்.

அறிகுறி: வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது

பூஞ்சணம் என்று எல்லோரும் பதறுவார்கள். எல்லா வெள்ளையும் பூஞ்சணம் அல்ல. ஹேர் டிரையரை எட்டப் பிடித்து, மிதமான சூட்டில் சில வினாடி காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே வந்து படிந்தது. துணியால் துடைத்தால் போயிற்று. ஈரத்துணிக்குக் கரைந்து, காய்ந்ததும் மறுபடி வந்தால் வியர்வை உப்பு. இரண்டுக்கும் அசைந்து கொடுக்காமல், ரோமம் ரோமமாக நின்று மக்கல் வாடை அடித்தால்தான் பூஞ்சணம்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் துடைத்து, வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வார்த் துளைகளுக்குள் பஞ்சுக் குச்சி விட்டுத் துடைக்க வேண்டும். வித்து ஒளிந்திருப்பது அங்கேதான். காற்றோட்டத்தில் நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிய கண்டிஷனர். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் பூட்டிய கிட் பையில் கிடந்த கிளவுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆடி முடித்ததும் பையில் திணிக்காமல் ஒரு இரவு காற்றாட விடுங்கள். வெறும் நாற்றம் மட்டும் என்றால் உள்ளே பேக்கிங் சோடாவைத் தூவி, ஒரு இரவு விட்டுத் தட்டிவிடுங்கள், அது போதும்.

அறிகுறி: கிளவ் கைக்கே ஒட்டவில்லை

ஆன்லைனில் வாங்கியது தவறான கைக்கு வந்திருந்தால், பெட்டியைப் பாருங்கள். வலது கை என்று போட்டிருப்பது எறிகிற கை. வலது கையால் எறிபவர் கிளவ் மாட்டுவது இடது கையில். திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

கைக்குள் கிளவ் ஆடினால், குறிப்பாகப் பெண்களுக்கு, அது ஆண்களின் ஸ்லோபிட்ச் (பந்தை மெதுவாக எறிந்து ஆடுவது) கிளவாக இருக்கும். ஃபாஸ்ட்பிட்ச் கிளவ்களில் கை நுழைகிற வாய் குறுகலாக இருக்கும், மணிக்கட்டில் இழுத்துக் கட்டுகிற பட்டையும் பலவற்றில் உண்டு. பழையதை மணிக்கட்டு வாரை இறுக்கிக் கொஞ்சம் சமாளிக்கலாம்.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

அளவில் இருந்து தொடங்குங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும்: பந்தின் 12 அங்குலம் சுற்றளவு, கிளவின் 12 அங்குலம், ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து பாக்கெட் வழியாக மணிக்கட்டு ஓரம் வரை உள்ள நீளம், கேட்ச்சர் மிட்டின் 33, 34 அங்குலம் மறுபடி சுற்றளவு. வளர்ந்தவர்களுக்கு இன்ஃபீல்டில் 11¾ முதல் 12½ வரை, அவுட்ஃபீல்டில் 12½ முதல் 13 வரை, முதல் பேஸ் மிட் 12½ அல்லது 13. பிட்சர் என்றால் வெப் மூடியதாக இருக்கட்டும், பந்தைப் பிடித்திருக்கிற விரல்கள் பேட்டருக்குத் தெரியக் கூடாது. எந்த இடம் என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு 12 அங்குலம். வளர்வாள் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது பாவாடைக்குச் சரி, கிளவுக்குச் சரியில்லை. மூட முடியாத கிளவ் பிள்ளைக்குப் பந்தைப் பார்த்தாலே பயத்தைக் கொடுக்கும்.

அடுத்து தோல். 30, 40 டாலரில் வருவது பெரும்பாலும் செயற்கைத் தோல், அல்லது உள்ளங்கையில் மட்டும் தோல். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதுவே போதும், சீக்கிரம் வளைந்துகொடுக்கும். 80 முதல் 150 டாலரில் முழு மாட்டுத்தோல் கிடைக்கும். பள்ளி லீகில் ஆடுபவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வட்டம். அதற்கு மேலே காளைத்தோல், கிப் தோல். கிப் என்பது இளம் மாட்டின் தோல். இலேசானது, நயமானது, விலை கூட. டெக்சாஸில் நோகோனா என்ற ஊரிலேயே 1934ல் இருந்து கிளவ் செய்துவருகிற நோகோனா போன்ற கம்பெனிகளும் உண்டு, அவையெல்லாம் விலை உச்சியில்.

கடையில் கையில் எடுத்தால் பிராண்டைப் பார்க்கும் முன் வாரைப் பாருங்கள். மெல்லியதாக, பிளாஸ்டிக் மினுமினுப்போடு இருந்தால் மற்ற இடத்திலும் அப்படித்தான் சிக்கனம் பிடித்திருப்பார்கள். விரல்களின் ஓரத்தில் தையல் நேராக ஓடுகிறதா, உள்ளே விரல் விட்டால் தையல் முண்டு உறுத்துகிறதா என்று பாருங்கள். மாட்டியவுடனே பஞ்சாக மடிகிற புதுக் கிளவ் சீக்கிரமே தளர்ந்துபோகும். உயர்ரகம் முதலில் முரண்டு பிடிக்கும்.

செகண்ட் ஹேண்டும் நல்ல வழி. யாரோ பாதி பழக்கிய நல்ல கிளவ், வார் மட்டும் போனது, புதுசின் மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைத்தால் யோசிக்காதீர்கள். மேலே சொன்ன மடக்குச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

அறிகுறி: புதுக் கிளவ் மூடவே மாட்டேன் என்கிறது

கோளாறு இல்லை, பழக வேண்டும். கைக்கு மாட்டி, சுண்டுவிரல் பக்கமும் கட்டைவிரல் பக்கமும் மடிகிற இடங்களை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் மடக்குங்கள். பாக்கெட்டில் கொட்டாப்புளியால், இல்லையென்றால் ஒரு குச்சியின் நுனியில் பந்தைக் கட்டி, அடித்துக்கொண்டே இருங்கள். வில்சனின் கிளவ் வல்லுநர் ஷிகேயாகி அசோ வெந்நீரைக் கிளவில் ஊற்றி, உடனே மடக்கி, அடித்துப் பழக்குகிற முறையைப் பிரபலமாக்கினார். அது வேலை செய்கிறது, ஆனால் தோலும் கையும் தெரிந்தவர் செய்கிற வித்தை. மட்டமான தோலில் செய்தால் காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு, தினமும் கேட்ச் விளையாடுவதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆடாத நேரத்தில் பாக்கெட்டில் 12 அங்குலப் பந்தை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். பேஸ்பாலை வைத்தால் பாக்கெட் அந்த அளவுக்கே படிந்துவிடும்.

புது வார் முதல் சில வாரங்களில் நீளும். அப்போது வெப் தொய்ந்தது போலத் தெரிந்தால் கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டாம். முடிச்சை அவிழ்த்து, ஒரு முறை இழுத்து, மறுபடி முடிந்துவிடுங்கள். தொங்குகிற நுனியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அடுத்த முறை இறுக்க நோஸ் பிளையர் பிடிக்க இடம் வேண்டும்.